53 பிரேம்

24 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு இரும்புத் துண்டு கைதவறி விழுந்தால் கீழே போய் இடிக்க எவ்வளவு நேரமாகும்? பள்ளிக்கூட இயற்பியல்தான், போட்டுப் பாருங்கள், சுமார் 2.2 விநாடி வரும். எடிட்டிங் மென்பொருளில் விநாடிக்கு 24 பிரேம் என்று வைத்தால் 53 பிரேம். கடந்த ஒன்றரை வருஷமாகச் சனி ஞாயிறுகளில் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது இந்த 53 பிரேமோடுதான். ஆபீஸ் வேலை, பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு, வருமானவரிக் கணக்கு எல்லாம் போக மிச்சமிருந்த நேரத்தில், நானும் ஒரு நண்பனும் சேர்ந்து 24 நிமிஷத்துக்கு ஒரு ஆவணப்படம் எடுத்தோம். தமிழில். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், டமாஸ்கஸ் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், 1980 செப்டம்பரில் நடந்த அணு ஆயுத விபத்தைப் பற்றி. (சிரியாவில் இருக்கிற டமாஸ்கஸ் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது.)

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். டைட்டன் 2 என்று ஒரு ஏவுகணை. 103 அடி உயரம், பத்தடி விட்டம். நிலத்துக்கடியில் கான்கிரீட் கிணறு மாதிரி ஒரு குழிக்குள் நிமிர்ந்து நிற்கும். உச்சியில் டபிள்யூ-53 என்ற ஹைட்ரஜன் குண்டு, 9 மெகாடன், அதாவது ஹிரோஷிமாவில் போட்டதைப்போல 600 மடங்கு. இப்படி 54 ஏவுகணைகள், அரிசோனா, கான்சாஸ், ஆர்கன்சா மாநிலங்களில் தலா 18.

1980 செப்டம்பர் 18, வியாழக்கிழமை, மாலை ஆறரை மணி வாக்கில், ஏவுகணையின் இரண்டாம் அடுக்கு டேங்கில் அழுத்தம் குறைவாகக் காட்டுகிறது என்று சரிசெய்ய வந்த குழுவில் இரண்டு இளைஞர்கள், உடம்பு முழுக்க மூடிய பாதுகாப்பு உடையில், குழிக்குள் உயரத்தில் இருந்த மேடையில் நின்று ஒரு மூடியைக் கழற்ற முயல்கிறார்கள். ராட்செட்டில், அதாவது நட்டு திருகும் கைப்பிடியில், மாட்டியிருந்த சாக்கெட் (நட்டைக் கவ்வுகிற இரும்புக் குமிழ்) கழன்று விழுகிறது. எடை 3.6 கிலோ. மேடைக்கும் ஏவுகணைக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் நழுவி, 80 அடி கீழே போய், ஏவுகணை உட்கார்ந்திருக்கும் தாங்கியில் மோதி, எகிறி, முதல் அடுக்கின் எரிபொருள் டேங்கைக் குத்திக் கிழித்துவிட்டது.

அடுத்த நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எல்லாம் வெடித்தது. 740 டன் எடையுள்ள குழியின் மூடி பல நூறு அடி தள்ளிப் போய் விழுந்தது. உச்சியிலிருந்த குண்டு வாசல் கேட்டிலிருந்து ஏறக்குறைய நூறு அடியில் கிடந்தது. அது வெடிக்கவில்லை, கதிர்வீச்சும் கசியவில்லை. ஒருவர் இறந்தார், 21 பேருக்குக் காயம்.

இதை வைத்துப் படம் எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது அரிசோனாவில், டூசன் நகரத்துக்குத் தெற்கே சகுவரீட்டா என்ற இடத்தில். டைட்டன் ஏவுகணைகளை 1987க்குள் முழுக்க அப்புறப்படுத்திவிட்டார்கள், ஒரே ஒரு குழியை மட்டும் மியூசியமாக விட்டுவைத்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு 55 படி இறங்கினால் கட்டுப்பாட்டு அறை. மொத்த அறையும் எட்டு ராட்சத ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது, மேலே குண்டு விழுந்தால்கூட உள்ளே இருப்பவர்கள் ஏவுகணையைக் கிளப்பும் சாவியைத் திருப்புகிற அளவுக்கு உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக. உயரமானவர்களுக்குத் தலைக்கவசம் கொடுப்பார்கள். எனக்குக் கொடுக்கவில்லை, நண்பனுக்குக் கொடுத்தார்கள், அன்று முழுக்க அவனுக்கு அதில் ஒரு பெருமை.

முதல் தடவை போனபோது நான் கவனித்தது குண்டையோ சாவியையோ இல்லை, அந்த இடைவெளியைத்தான். குழிக்கும் ஏவுகணைக்கும் நடுவே அப்படியே கீழே இருட்டாகப் போகிறது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தபோது சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தன்னிச்சையாக ஒரு கை பொத்திக்கொண்டது. அப்போதுதான் இந்தப் படம் எதைப் பற்றியது என்று எனக்குள் ஒரு மாதிரி தெளிந்தது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை போனோம், சாதாரணப் பார்வையாளர்களாகவே. படத்துக்கான உட்புறக் காட்சிகளை அங்கே எடுக்கவில்லை. அமெரிக்க விமானப்படையே எடுத்த பழைய பயிற்சிப் படங்கள் இருக்கின்றன. அரசாங்க ஊழியர்கள் வேலையின் பகுதியாக எடுத்தவற்றுக்கு அந்த நாட்டில் காப்புரிமை கிடையாது, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். எங்களைப்போலக் கையில் காசில்லாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரப்பிரசாதம் என்று படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் அந்தப் பயிற்சிப் படங்களில் ஒரு தொல்லை. எல்லாரும் சரியாகச் செய்கிறார்கள். கருவி கைநழுவாது, வியர்க்காது, யாரும் யாரையும் திட்ட மாட்டார்கள். பின்னணியில் ஒரு கனத்த குரல் "இப்போது வால்வைத் திறக்கிறோம்" என்ற ரீதியில் பேசிக்கொண்டே போகும். விபத்துப் படத்துக்கு விபத்தே நடக்காத உலகத்திலிருந்து காட்சி எடுத்து ஒட்ட வேண்டியிருக்கிறது. முதலில் எரிச்சலாக இருந்தது, போகப்போக எனக்கு அதுதான் பிடித்துப்போனது. அந்தக் குரலை அப்படியே ஓடவிட்டு, மேலே அன்றைய இரவின் நேரத்தை மட்டும் எழுத்தில் போட்டோம். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

சாக்கெட் விழுந்ததை யாரும் படம் பிடிக்கவில்லை. குழிக்குள் ஏது கேமரா? அப்படியானால் அந்த 2.2 விநாடியை எப்படிக் காட்டுவது?

நண்பன் ஸ்லோமோஷன் என்றான். கருப்புப் பின்னணியில் சாக்கெட் சுழன்று சுழன்று விழ, வெளிச்சம் பட்டு மினுங்க, முப்பது விநாடிக்கு இழுக்கலாம் என்றான். எடுத்தும் பார்த்தோம். அழகாகத்தான் வந்தது. அதுதான் பிரச்சினையே. ஓடவிட்டுப் பார்க்கும்போது படம் திடீரென்று ஒரு கையைப் பற்றியதாக மாறிவிடுகிறது. தவறவிட்ட கை. பார்க்கிறவர் மனசு உடனே "அட படுபாவி" என்று சொல்லிவிட்டு அடுத்த எட்டரை மணி நேரத்தில் நடந்த எதையும் பொருட்படுத்தாது.

நடந்ததோ அந்த எட்டரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. டைட்டனின் எரிபொருளும் அதை எரியவைக்கும் ஆக்சிடைசர் என்ற திரவமும் ஒன்றையொன்று தொட்டாலே போதும், தீக்குச்சி வேண்டாம், தானாகப் பற்றிக்கொள்ளும். போர் என்றால் ஒரு நிமிஷத்தில் கிளம்ப வேண்டும், எனவே இரண்டையும் எப்போதும் டேங்கில் நிரப்பியே வைத்திருந்தார்கள். முதல் அடுக்கில் எரிபொருள் டேங்க் கீழே, ஆக்சிடைசர் டேங்க் அதற்கு மேலே. டேங்குகளின் சுவர் மெல்லிய அலுமினியம், உள்ளே இருக்கும் அழுத்தம்தான் அதை விறைப்பாக நிற்க வைக்கிறது, காலி பிளாஸ்டிக் பாட்டில் மூடியைத் திறந்தால் நசுங்குகிற மாதிரி. கீழ் டேங்க் ஓட்டையாகி அழுத்தம் இறங்க இறங்க, மேலே இருக்கிற மொத்தக் கனமும் அதன்மேல் எப்போது உட்காரும் என்பதுதான் கேள்வி. கட்டுப்பாட்டு அறையில் மானியில் எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எட்டு மணி வாக்கில் அறையைக் காலிசெய்துவிட்டு அவசர வழியாக வெளியேறினார்கள். சரி, உயிர் பிழைத்தார்கள். ஆனால் மானியைப் படிக்க அங்கே ஆள் இல்லை. அதற்கப்புறம் உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று பூமியில் ஒருவருக்கும் தெரியாது.

அப்புறம் போன். லிட்டில் ராக் விமானப்படைத் தளம், நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் இருந்த மூலோபாய விமானப்படைத் தலைமையகம், ஏவுகணையைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் என்று பல ஊர்களிலிருந்து ஒரே இணைப்பில் பேசுகிறார்கள். உள்ளே போகலாமா, கூடாதா, காத்திருக்கலாமா. குழி இருக்கும் இடத்தில் நிற்பவர்கள் முடிவெடுக்க முடியாது, முடிவெடுப்பவர்கள் குழியைப் பார்க்க முடியாது. பக்கத்துப் பண்ணை வீடுகளைக் காலிசெய்யச் சொல்கிறார்கள். 65ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் நிருபர்கள் கூடுகிறார்கள். உள்ளே அணுகுண்டு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றும் சொல்ல மாட்டோம், இல்லை என்றும் சொல்ல மாட்டோம் என்பது விமானப்படையின் கொள்கை. அப்போது மாநில ஆளுநராக இருந்தவர் பில் கிளின்டன். துணை ஜனாதிபதி வால்டர் மான்டேல் கட்சி மாநாட்டுக்காக அதே மாநிலத்துக்கு வந்திருந்த நேரம் வேறு.

கடைசியில் இரண்டு பேரை உள்ளே அனுப்புகிறார்கள். டேவிட் லிவிங்ஸ்டன், ஜெஃப் கென்னடி. எரிபொருள் ஆவி எவ்வளவு இருக்கிறது என்று கருவியை வைத்துப் பார்க்கிறார்கள். அளவு தாங்காது என்று தெரிந்து மேலே வருகிறார்கள். மறுபடி உள்ளே போய் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடச் சொல்லி உத்தரவு வருகிறது. போடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் வெடித்தது. லிவிங்ஸ்டன் அன்றே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

இதில் சாக்கெட்டைத் தவறவிட்ட இளைஞரின் பெயர் எல்லா ஆவணங்களிலும் இருக்கிறது, தேடினால் ஒரு நிமிஷத்தில் கிடைக்கும். படத்தில் நாங்கள் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை. இருபது வயசைத் தாண்டியும் தாண்டாத ஒரு பையன். அந்த வேலைக்கு, திருகும் விசையை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச்தான் பயன்படுத்த வேண்டும் என்று புதிதாக விதி வந்திருக்கிறது. டார்க் ரெஞ்ச் மேலே வண்டியில் இருந்துவிட்டது. திரும்பப் போய் எடுத்து வருவதென்றால் மறுபடி ஏறி, அந்த உடையின் காற்று தீர்ந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கைக்குக் கிடைத்த ராட்செட்டை எடுத்துக்கொண்டார்கள், அதற்கு முன் எத்தனையோ தடவை அதை வைத்தே செய்த வேலைதான். தப்பா என்றால் தப்புதான். விசாரணைக்குப் பிறகு தண்டனையும் கண்டிப்பும் வந்து சேர்ந்ததும் அடிமட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத்தான். கருவி விழுந்தால் நேராகப் போய் டேங்கில் மோதக்கூடிய இடைவெளியை வரைபடத்தில் போட்டவருக்கு யார் கடிதம் அனுப்புவது?

ஸ்லோமோஷனைத் தூக்கிவிட்டேன். நண்பன் இரண்டு வாரம் பேசவில்லை.

சத்தமாவது வேண்டுமே என்று ஒரு சாக்கெட்டைத் தேட ஆரம்பித்தேன். வீட்டுக்கருகில் இருக்கிற கடைகளில் கிடைத்த ஆகப் பெரிய சாக்கெட்கூட ஒன்றரைக் கிலோ தேறவில்லை. பழைய இரும்புக் கடை ஒன்றில், லாரி அச்சுக்குப் போடுகிற, துருப்பிடித்த ஒரு பெரிய சாக்கெட் கிடைத்தது. சமையலறைத் தராசில் வைத்தேன், தராசு தாங்காமல் கோடு காட்டியது. குளியலறையில் எடை பார்க்கும் மெஷினில் நான் ஏறி, அப்புறம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறி, கழித்துப் பார்த்தால் மூன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. என் மனைவி பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, அவள் கேட்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. கராஜில் ஏணி போட்டு, கீழே ஒரு இரும்புத் தகட்டை வைத்து, மேலிருந்து போட்டுப் போட்டுப் பதிவு செய்தேன். கோயில் மணி மாதிரி 'டங்' என்று கேட்கிறது. தகட்டுக்கு அடியில் பழைய ஜமுக்காளத்தை மடித்து வைத்தேன், 'தொப்'. மணல் மூட்டை வைத்தேன், கொஞ்சம் பரவாயில்லை. நாற்பது தடவைக்கு மேல் போட்டிருப்பேன், கராஜ் தரையில் ஒரு மூலையில் சில்லு பெயர்ந்ததுதான் மிச்சம். அதுவும் ஆறடி உயரம்தான். 80 அடியிலிருந்து வரும்போது அதற்கு மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகம் இருந்திருக்கும்.

ஒரு நாள் ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதுவும் ஓடவிடாமல் சும்மா உட்கார்ந்திருந்தபோது என் மூச்சே எனக்குக் கேட்டது. அந்த உடைக்குள் இருந்தவனுக்கும் இதுதானே கேட்டிருக்கும்! மூடிய தலைக்கவசம், முதுகில் காற்றுப் பெட்டி, காதில் ரேடியோ. 2.2 விநாடி என்பது ஒரு மூச்சை இழுத்து விடுகிற நேரம். ஆக, இப்போது படத்தில் அந்த இடத்தில் 53 கருப்பு பிரேம், ஒரே ஒரு மூச்சு, கடைசியில் தூரத்தில் மணல் மூட்டை 'தொப்'. பாதி மூச்சில் நின்றுபோகிற மாதிரி வெட்டியிருக்கிறேன். பின்குறிப்பாக ஒன்று, இந்தத் தொகுப்பை முடித்த பிறகுதான் உறைத்தது: குண்டின் பெயர் டபிள்யூ-53, எங்கள் கணக்கில் 53 பிரேம், 1965 ஆகஸ்டில் அதே ஆர்கன்சாவில் செர்சி என்ற ஊருக்குப் பக்கத்தில் இன்னொரு டைட்டன் குழிக்குள் தீப்பிடித்து இறந்த தொழிலாளர்களும் 53 பேர். நான் எண் ஜோசியம் பார்க்கிற ஆள் இல்லை. ஆனாலும் அன்றைக்குத் தூங்க நேரமானது.

செர்சி விபத்தில் ஏவுகணையில் குண்டு இல்லை, முன்பே கழற்றியிருந்தார்கள், எனவே அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட அணு ஆயுத விபத்துப் பட்டியலில் அது வராது. 1950லிருந்து 1980 வரை 32 விபத்துகள் கொண்ட பட்டியல் அது. ஒருவர் இறந்த விபத்து பட்டியலுக்கு உள்ளே, 53 பேர் இறந்த விபத்து பட்டியலுக்கு வெளியே. இதைப் படத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டோம். அதை நீட்டியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

தமிழில் குரல் கொடுக்கும்போது வேறு மாதிரித் தொல்லைகள். ஏவுகணையின் உச்சியில் இருப்பதைப் 'போர்முனை' என்று எழுதுகிறார்கள். வாய்விட்டுப் படித்தால் யுத்தகளம் என்றுதான் காதில் விழுகிறது. "போர்முனை பள்ளத்தில் கிடந்தது" என்று படித்துவிட்டு நானே சிரித்துவிட்டேன். 'குண்டு' என்றே வைத்துவிட்டேன். ஆக்சிடைசருக்கு 'ஆக்சிஜனேற்றி' என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் பயத்தோடு ஓடுகிறவன் வாயில் அது வராது. சாக்கெட்டுக்குத் தமிழ்நாட்டு மெக்கானிக் ஷெட்டில் என்ன சொல்வார்களோ அதையே சொன்னோம், சாக்கெட்.

அப்புறம் அந்த ஊருக்கும் போனோம். லிட்டில் ராக்கில் கார் எடுத்து, கான்வே வரைக்கும் பெரிய சாலை, அங்கிருந்து 65ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே, கிரீன்பிரையர் தாண்டினால் டமாஸ்கஸ். விடியற்காலையில் போய்ச் சேர்ந்தோம், மூன்று மணி இருட்டைப் படம் பிடிக்க வேண்டும் என்று. வெடித்த குழியை மண் போட்டு மூடிவிட்டார்கள், 2000ஆம் ஆண்டில் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் தனியார் நிலம். வேலி தாண்டவில்லை. சாலையோரத்தில் முக்காலியை நிறுத்தி இருட்டை எடுத்தோம். இருட்டு எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் லீவும் இரண்டு விமான டிக்கெட்டும் செலவு. வெளிச்சம் வந்ததும் மாடுகள் தெரிந்தன. நிறைய மாடுகள். ஒரு மாடு வேலிக்கு வந்து மைக்கை மோந்து பார்த்தது, அந்தச் சத்தம் படத்தில் இருக்கிறது, கடைசி நிமிஷத்தில், கவனித்தால் கேட்கும்.

நண்பனுக்கும் எனக்கும் இரண்டாவது சண்டை முடிவைப் பற்றி. 9 மெகாடன் வெடித்திருந்தால் எப்படியிருக்கும் என்று ஒரு கிராஃபிக்ஸ் போட வேண்டும், காளான் மேகம், வட்டம் வட்டமாக வரைபடம், அப்போதுதான் ஜனங்களுக்கு உறைக்கும் என்றான். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் வீட்டில் யாரிடம் சொன்னாலும் முதலில் கேட்பது "குண்டு வெடிச்சுதா?" என்றுதான், இல்லை என்றதும் முகத்தில் சுவாரஸ்யம் வடிந்துவிடும். ஆனால் நடக்காததை அவ்வளவு பெரிதாகக் காட்டிவிட்டால், நடந்தது, அதாவது ஒரு ஃபேனைப் போட உள்ளே போன ஆள் செத்தது, ஏதோ நல்லவேளையாக இதோடு போச்சு என்கிற மாதிரி ஆகிவிடுகிறது. நான் விடவில்லை. காளான் இல்லாமலே முடித்தோம்.

போன மாதம் எங்கள் வீட்டு ஹாலில் போட்டுக் காட்டினோம். பத்துப் பேர் இருக்கும், பிரியாணி இருந்தது, அதற்காக வந்தவர்களும் உண்டு. கருப்பு பிரேம் வந்ததும் ஒருவர் டிவி போய்விட்டது என்று ரிமோட்டைத் தேட ஆரம்பித்தார். முடிந்ததும் ஏவுகணை பற்றி, ரஷ்யா பற்றி, இங்கே இப்போது எத்தனை குண்டு இருக்கிறது என்பது பற்றியெல்லாம் ஆண்கள் பேச ஆரம்பித்தார்கள். ஊரிலிருந்து வந்திருந்த நண்பனின் அம்மா மட்டும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்பா, அந்த நட்டு கழட்டுன புள்ள, அப்புறம் என்னாச்சு அதுக்கு?"

24 நிமிஷத்தில் அதற்குப் பதில் இல்லை. நானும் நண்பனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ப்ராஜெக்ட் ஃபைலை இன்னும் மூடவில்லை, கடைசி டைட்டிலில் இரண்டு எழுத்துப்பிழை வேறு இருக்கிறது.